ஐந்து நாள் சரக்கு

போன ஐப்பசியில் கூடப் படிக்கும் நண்பன் ஒருவனுடைய மாமாவுக்கு டெங்கு. கவுண்ட் 22 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது, எதற்கும் நாலு யூனிட் பிளேட்லெட் ஏற்பாடு பண்ணி வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். குடவாசலில் இருந்து இரண்டு பைக்கில் ஐந்து பேர் கிளம்பினோம் (கணக்கு இடிக்கிறதா? ஆமாம், டிரிபிள்ஸ்தான்). பக்கத்து டவுனில் ஒரு ரத்த வங்கி. ராத்திரி ஒன்பது மணி இருக்கும்.

டெக்னீஷியன் அண்ணன் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டுச் சொன்னார். "தம்பி, ரத்தம் வேணும்னா இப்பவே தர்றேன். பிளேட்லெட் இல்ல. மூணு பை இருந்துச்சு, நேத்து ராத்திரியோட டேட் முடிஞ்சிடுச்சு. நாளைக்குத்தான்."

"அஞ்சு பேர் இருக்கோம்ணே, இப்பவே எடுத்துக்கங்க."

"எடுக்கலாம்பா. பிரிக்கணும், டெஸ்ட் எல்லாம் முடிக்கணும். எப்படியும் நாளைக்குத்தான் கையில கிடைக்கும்."

அவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி. உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கி, எல்லாம் இடவலமாக ஆடிக்கொண்டிருந்தன. தட்டுகளில் ஒன்றுமே இல்லை. காலித் தட்டுகள் சும்மா ஆடிக்கொண்டிருந்தன. ஏன் அண்ணே ஆடுது என்று கேட்டதற்கு, "ஆடலைன்னா செத்துடும்" என்றார்.

நான் காமர்ஸ். பயாலஜியைப் பத்தாவதோடு தலைமுழுகியவன். ஆனால் சரக்கு, இருப்பு, காலாவதி எல்லாம் எங்கள் ஏரியா. ஒரே மனிதனின் ஒரே கையில் இருந்து ஒரே நேரத்தில் எடுத்த ரத்தம். அதில் சிவப்பணுவுக்கு 35 நாள், 42 நாள் என்று கெடு. பிளேட்லெட்டுக்கு மட்டும் 5 நாள். இந்த 5 எங்கிருந்து வந்தது, யார் போட்டது? அன்று ராத்திரி ஆரம்பித்த கேள்வி இது. அப்புறம் படித்ததை எல்லாம் சேர்த்து எழுதுகிறேன். மருத்துவம் படிப்பவர்கள் தப்பிருந்தால் காதைத் திருகவும் :-)

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். பிளேட்லெட் என்கிற தட்டணு நம் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பெரிய செல்களில் இருந்து பிய்ந்து வரும் துணுக்கு. உட்கருவே கிடையாது. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு குண்டூசித் தலை அளவு ரத்தத்தில், ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். உடம்புக்குள் அதன் ஆயுசே 8 முதல் 10 நாள்தான். ரத்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் முதலில் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு அடைப்பது இதன் வேலை. 1880களின் தொடக்கத்தில் இத்தாலியின் பிட்சோசெரோ இது தனி ஜாதி என்று கண்டு எழுதினார். 1910ல் அமெரிக்காவில் வில்லியம் டியூக், தட்டணு குறைந்து ரத்தக் கசிவு நிற்காமல் இருந்த நோயாளிக்கு வேறொருவரின் புது ரத்தத்தை ஏற்றினால் கசிவு நிற்கிறது என்று காட்டினார். அதாவது இதன் பயன் தெரிந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. அதை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, அதுதான் பிரச்னை.

ரத்தத்தை வைத்துக்கொள்வது எப்படி என்பதே பெரிய கதை. வெளியே எடுத்தால் உறைந்துவிடும். 1914ல் பெல்ஜியத்தில் ஹஸ்டின், அர்ஜென்டினாவில் அகோடே இருவரும் சோடியம் சிட்ரேட் கலந்தால் உறையாது என்று தனித்தனியாகக் கண்டார்கள். 1915ல் நியூயார்க்கின் லூயிசோன் எவ்வளவு சிட்ரேட் போட்டால் ஆளுக்கு ஆபத்தில்லை என்று அளவு சொன்னார். 1916ல் ரௌஸ், டர்னர் என்ற இருவர் அதோடு குளுக்கோஸையும் சேர்த்தார்கள். உறையாமல் இருந்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் அணுக்களுக்குச் சாப்பாடும் வேண்டும் என்ற யோசனை இங்கேதான் வருகிறது. 1917ல் முதல் உலகப் போர்க்களத்தில் ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்ற மருத்துவர் இந்தக் கலவையில் ரத்தத்தைப் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஏற்றினார்.

1937ல் சிகாகோ குக் கவுன்டி ஆஸ்பத்திரியில் பெர்னார்ட் ஃபேன்டஸ் ஒரு கிடங்கு ஆரம்பித்தார். முதலில் ரத்தப் பாதுகாப்புக் கூடம் என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்துவிட்டு, பிறகு அதை பிளட் பேங்க் என்று மாற்றினார். காமர்ஸ்காரனாக இந்த இடத்தில் பெருமைப்படலாமா என்று தெரியவில்லை. எங்கள் பேங்கில் போட்ட பணம் அழுகாது. இந்தியாவில் முதல் ரத்த வங்கி 1942 மார்ச்சில் கல்கத்தாவில், அகில இந்திய சுகாதார, பொது நல்வாழ்வு நிறுவனத்தில் தொடங்கியது. அதுவும் போர்க்காலத் தேவைக்காகத்தான். 1943ல் இங்கிலாந்தின் லூடிட், மாலிசன் இருவரும் சிட்ரேட்டோடு அமிலமும் குளுக்கோஸும் சேர்த்த ஒரு கரைசலைக் கொடுத்தார்கள். ரத்தம் 21 நாள் தாங்கியது. பிறகு பாஸ்பேட் சேர்ந்தது, அடினைன் சேர்ந்தது, 35 நாள் ஆனது. ஸ்வீடனின் ஹாக்மன் குழு உப்பு, அடினைன், குளுக்கோஸ், மானிடால் கலந்த கரைசலைக் கொண்டுவந்தது. அதில் சிவப்பணு 42 நாள் தாங்குகிறது.

கவனியுங்கள். இந்தக் கதை முழுக்க சிவப்பணுவின் கதை. குளிர்ப்பெட்டியில் 4 டிகிரியில் வை, சாப்பாடு கலந்த நீரில் வை, நாள் கூடும். எல்லோரும் இதையே பிளேட்லெட்டுக்கும் பண்ணினார்கள். அங்கேதான் சறுக்கியது.

முதல் வில்லன் கண்ணாடி. பிளேட்லெட்டின் பிறவிக் குணம் வேற்றுப் பரப்பைக் கண்டால் ஒட்டிக்கொள்வது. கண்ணாடிப் பாட்டில் அதற்கு வேற்றுப் பரப்பு. 1950ல் கார்ல் வால்ட்டர், மர்ஃபி ஜூனியர் இருவரும் பி.வி.சி. பிளாஸ்டிக்கில் ரத்தப் பை செய்தார்கள். உடையாது என்பது ஒரு வசதி. அதைவிடப் பெரிய வசதி, இரண்டு மூன்று பைகளைக் குழாயால் இணைத்தே செய்துவிடலாம். முதல் பையில் ரத்தத்தைப் பிடித்து, அப்படியே இயந்திரத்தில் சுழற்றி, மேலே நிற்கும் மஞ்சள் பிளாஸ்மாவைப் பிளேட்லெட்டோடு அடுத்த பைக்குத் தள்ளிவிடலாம். திறக்கவே வேண்டாம், கிருமி புகாது. ஒரு ரத்த தானம் மூன்று பேருக்குப் போகும் என்று முகாம்களில் சொல்கிறார்களே, அந்த வசனத்துக்கு மூலமே இந்தப் பைதான்.

அதே காலத்தில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரைரைக் என்ற டாக்டர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தைகள் புற்றுநோயால் சாவதற்கு முன்பே ரத்தக் கசிவால் செத்துக்கொண்டிருந்தார்கள். கவுண்ட் குறையக் குறையக் கசிவு எப்படி அதிகமாகிறது என்று அவருடைய குழு 1962ல் கணக்கோடு வெளியிட்டது. புதுப் பிளேட்லெட் ஏற்றினால் நிற்கிறது. கீமோதெரபி கொடுத்துக் காப்பாற்றலாம், ஆனால் அந்தச் சில வாரங்கள் கசிவில்லாமல் தாண்ட வேண்டும். அதற்குத் தினம் தினம் புதிதாக யாராவது கை நீட்ட வேண்டும். இருப்பு வைக்க வழி வேண்டும்.

குளிர்ப்பெட்டியில் வைத்தார்கள். பை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஏற்றினால் பிரயோஜனம் நிற்கவில்லை.

1969ல் அமெரிக்காவின் ஸ்காட் மர்ஃபி, ஃப்ராங்க் கார்ட்னர் இருவரும் (முன்னே சொன்ன மர்ஃபி வேறு, இவர் வேறு) இதற்குக் காரணம் கண்டார்கள். பிளேட்லெட்டில் கதிரியக்கக் குரோமியத்தை அடையாளமாக ஒட்டி, வெவ்வேறு வெப்பநிலையில் வைத்து, பிறகு ஆளுக்கு ஏற்றி, எத்தனை நாள் ரத்தத்தில் ஓடுகிறது என்று எண்ணினார்கள். 4 டிகிரியில் வைத்தவை சீக்கிரமே காணாமல் போயின. 22 டிகிரியில் வெளியே வைத்தவை பல நாள் ஓடின. குளிர்ப்பெட்டிதான் பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, அந்தப் பெட்டியே ஆளைக் கொன்றுகொண்டிருந்தது! குளிரில் தட்டு வடிவம் போய் முள் முளைத்த உருண்டையாகிவிடும். திரும்ப உடம்புக்குள் போனால் கல்லீரல் பிடித்துத் தின்றுவிடும். எப்படிப் பிடிக்கிறது என்பது 2003ல்தான் தெளிவானது. குளிரில் பிளேட்லெட்டின் மேல் இருக்கும் ஒரு புரதம் கொத்துக்கொத்தாகத் திரண்டுவிடுகிறது, கல்லீரலில் இருக்கும் விழுங்கு செல்கள் அதை அடையாளம் கண்டுகொள்கின்றன என்று ஹாஃப்மைஸ்டர் குழு காட்டியது.

இங்கே ஒரு சின்ன வழிவிலகல். புத்தகங்களில் இந்த 22 டிகிரியை அறை வெப்பநிலை என்று எழுதியிருக்கிறார்கள். யாருடைய அறை சார்? சித்திரை மாதம் எங்கள் ஹாஸ்டல் அறைக்கு வந்து பாருங்கள். அமெரிக்காவில் சும்மா மேசை மேல் வைத்தால் கிடைக்கும் வெப்பநிலை, காவிரிக் கரையில் ஏ.சி. போட்டால்தான் கிடைக்கும். அதுவும் 24 மணி நேரமும். அதோடு அந்த ஆட்டும் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். 2018 நவம்பர் 16ல் கஜா புயல் அடித்த பிறகு நம் மாவட்டங்களில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது நினைவிருக்கும். அந்த நேரத்தில் ஒரு பை பிளேட்லெட்டைக் காப்பாற்ற எத்தனை லிட்டர் டீசல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, குளிர் வேண்டாம் என்று ஆகிவிட்டது. வெளியே வைத்தால் அடுத்த பிரச்னை. அதைச் சொல்ல இட்லி மாவை விட நல்ல உதாரணம் கிடையாது. அரைத்த மாவை வெளியே வைத்தால் என்ன ஆகும்? புளிக்கும். மாவில் புளிப்பது கிருமிகளால். பையில் புளிப்பது பிளேட்லெட்டாலேயே. அதற்கு உயிர் இருக்கிறது, குளுக்கோஸைத் தின்கிறது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் அதை முழுசாக எரித்துக் கரியமில வாயுவாக வெளியே விடும். ஆக்சிஜன் போதாவிட்டால் அரைகுறையாக உடைத்து லாக்டிக் அமிலமாக விடும். பிளாஸ்மாவில் இருக்கும் பைகார்பனேட் கொஞ்ச நாள் அந்த அமிலத்தை அடக்கும். அது தீர்ந்ததும் பி.எச். சரிய ஆரம்பிக்கும். 6க்குப் பக்கத்தில் போனால் பிளேட்லெட் கதை முடிந்தது. நம் நாட்டு விதிகளிலும் கெடு முடியும் நாளில் பி.எச். 6க்குக் குறையக்கூடாது என்றுதான் இருக்கிறது.

ஆகவே பை மூச்சு விட வேண்டும். ஆமாம், பிளாஸ்டிக் பைக்கு மூச்சு. ஆக்சிஜன் பையின் சுவர் வழியாக உள்ளே வர வேண்டும், கரியமில வாயு வெளியே போக வேண்டும். ஆட்டுவதும் இதற்காகத்தான், எல்லாத் துணுக்குக்கும் காற்று கிடைக்க. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதைப் புரிய வைக்க ரொம்பப் பாடுபட வேண்டியதில்லை. ஈர நெல்லை மூட்டை கட்டிப் போட்டுவிட்டு ரெண்டு நாள் கழித்து உள்ளே கை விட்டால் சுடும். நெல்லும் உயிர்தான், மூச்சு விடுகிறது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு அந்தச் சண்டை நடப்பதே இதனால். குதிரும் பத்தாயமும் கட்டியவர்களுக்கு இது எல்லாம் அத்துப்படி.

முதலில் வந்த பி.வி.சி. பைகள் தடிமன். காற்று போதவில்லை. அதனால் 3 நாள் கெடு. 1980களின் தொடக்கத்தில் காற்று நன்றாக ஊடுருவும் புதுப் பிளாஸ்டிக்குகள் வந்தன, 5 நாள் ஆனது. 1984ல் அமெரிக்க அரசு 7 நாள் வரை அனுமதித்தது. இரண்டே வருடத்தில், 1986ல், திரும்ப 5 நாளாகக் குறைத்துவிட்டது. பிளேட்லெட் கெட்டுவிட்டதா? இல்லை, அது 7 நாளும் நன்றாகத்தான் இருந்தது. கூட வந்த கிருமிகள் அதைவிட நன்றாக இருந்தன. தானம் கொடுப்பவரின் தோலில் இருந்து ஊசியோடு ஒன்றிரண்டு பாக்டீரியா உள்ளே போய்விட்டால், 22 டிகிரி சர்க்கரைத் தண்ணீர் அதற்குக் கல்யாண விருந்து.

என் கேள்விக்கு விடை இங்கே கிடைத்துவிட்டது. 5 என்பது பிளேட்லெட்டின் ஆயுசு இல்லை. பையின் தடிமன், காற்று, ஆட்டம், வெப்பம், கிருமி பயம் எல்லாம் கூடிப் பேசி முடிவு செய்த ஒரு சமரசம்.

பை என்றதும் எங்கள் ஊர்ப் பெயர் ஞாபகத்துக்கு வருகிறது. பிரளயத்தில் மிதந்து வந்த அமுதக் குடம் உடைந்தபோது, அதன் வாய் வந்து விழுந்த இடம்தான் குடவாயில், அதாவது குடவாசல் என்று ஒரு கதை சொல்வார்கள். அமுதமே ஆனாலும் குடம் சரியில்லாவிட்டால் கதை கந்தல் என்பது என் உரை :-)

நம் நாட்டுக் குடத்தின் கதையும் சுவாரஸ்யமானது. வெளிநாடுகளில் பிளாஸ்டிக் பை வந்து முப்பது வருடம் கழித்தும் நம் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் கண்ணாடிப் பாட்டில்தான். பை இறக்குமதி, விலை அதிகம். பாட்டிலைக் கழுவி, வேகவைத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் பாட்டிலில் பிடித்த ரத்தத்தை மூன்றாகப் பிரிக்க முடியாது. பிரிக்காவிட்டால் பிளேட்லெட் இருப்பு என்ற பேச்சே இல்லை. திருவனந்தபுரத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தான் தலைமையில் இருந்த ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இங்கேயே பை செய்யும் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. ஆராய்ச்சிக் கூடத்தில் செய்வது ஒன்று, ஆலையில் செய்வது வேறு. 1983ல் பாலகோபால் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வேலையை ராஜினாமா செய்துவிட்டு, அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கி பெனின்சுலா பாலிமர்ஸ் என்ற கம்பெனி ஆரம்பித்தார். 1987ல் உற்பத்தி தொடங்கியது. 1999ல் ஜப்பானின் டெருமோ கூட்டுச் சேர்ந்து டெருமோ பென்பால் ஆனது. உலக அளவில் ரத்தப் பை செய்யும் பெரிய ஆலைகளில் இன்று அதுவும் ஒன்று. எங்கள் தொழில்முனைவோர் பாடப் புத்தகத்தில் சோப்பு கம்பெனி, பிஸ்கட் கம்பெனி உதாரணமெல்லாம் இருக்கிறது. இது இல்லை.

அந்த வருடங்களில் தேவையும் மாறியது. 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழு இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. பாதிப்புகளைக் கண்டறிந்தது. அதுவரை ரத்தம் விற்றுப் பிழைத்தவர்களின் ரத்தத்தை நம்பி ஓடிய ஏற்பாடு ஆட்டம் கண்டது. 1996ல் உச்ச நீதிமன்றம் ரத்த வங்கிகளுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்றும், காசுக்கு ரத்தம் கொடுப்பதை ஒழிக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி 1 முதல் விற்பனை ரத்தம் கூடாது. நம் முகாம்களும், என்.எஸ்.எஸ். சான்றிதழும், பிஸ்கட் பாக்கெட்டும் இதற்குப் பிறகுதான் இவ்வளவு பெருகின.

இப்போது கரைசலுக்கு வருவோம். பை மாறிவிட்டது. உள்ளே இருக்கும் நீர்? பிளேட்லெட் மிதப்பது கொடுத்தவரின் பிளாஸ்மாவில். அந்தப் பிளாஸ்மாவுக்குத் தனி மவுசு உண்டு, அதில் இருந்து ஹீமோபிலியா நோயாளிகளுக்கான எட்டாம் காரணி போன்ற மருந்துகளைப் பிரித்தெடுக்கலாம். அப்படியிருக்க அதைச் சும்மா மிதக்கும் நீராக வீணடிப்பானேன் என்று 1980களில் கேட்டார்கள். இதை நாங்கள் ஆபர்ச்சூனிட்டி காஸ்ட் என்போம். மாற்று நீர் தேடினார்கள். கனடாவின் ஒட்டாவாவில் கெயில் ராக் குழு, கடையில் கிடைக்கும் ஒரு சாதாரண டிரிப் திரவத்திலேயே பிளேட்லெட்டை வைத்துப் பார்த்தது. நன்றாகவே இருந்தது. அந்தத் திரவத்தில் அசிடேட் இருந்தது. அசிடேட் என்றால் வினிகரின் உறவுக்காரர். புளிப்புதான் பிரச்னை என்கிறோம், போயும் போயும் வினிகரின் உப்பா தீர்வு என்று எனக்குத் தலை சுற்றியது.

விளக்கம் பிறகு வந்தது, 1990களில். விளக்கியவர்களில் ஒருவர் அதே ஸ்காட் மர்ஃபி. பிளேட்லெட் அசிடேட்டையும் எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. எரிக்கும்போது ஒவ்வொரு அசிடேட்டோடும் ஒரு ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அமிலம் என்பதே ஹைட்ரஜன் அயனிதானே. ஆக, சாப்பாடே புளிப்பையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது.

அப்படியானால் குளுக்கோஸையும் இந்தக் கரைசலிலேயே போட்டுவிட வேண்டியதுதானே? போட முடியவில்லை. கரைசலைக் கிருமி நீக்கச் சூடாக்கும்போது, பிளேட்லெட்டுக்குப் பொருந்தும் பி.எச். அளவில் குளுக்கோஸ் கருகிப் பாகாகிவிடுகிறது. அதனால் மூன்றில் ஒரு பங்கு பிளாஸ்மாவை அப்படியே விட்டு, அதில் இருக்கும் குளுக்கோஸ் போதும் என்று வைத்தார்கள். அந்தப் பங்கை ரொம்பக் குறைத்தால் குளுக்கோஸ் தீர்ந்து பிளேட்லெட் பட்டினியில் சாகும். பிறகு வந்த கரைசல்களில் பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்த்தார்கள். அவை பிளேட்லெட்டை அமைதிப்படுத்தும், அநாவசியமாகச் சிலிர்த்துக்கொண்டு குளுக்கோஸைத் தின்று தீர்க்காது. ஸ்வீடன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் இந்தக் கரைசல்கள் வழக்கமாயின. அமெரிக்கா 2009ல்தான் முதல் கரைசலை அனுமதித்தது.

பலன்? அரிப்பு, தடிப்பு போன்ற ஒவ்வாமை நிச்சயமாகக் குறைந்தது, ஏனென்றால் அதைக் கிளப்புவது பெரும்பாலும் அடுத்தவரின் பிளாஸ்மா. ஆனால் நெதர்லாந்தில் 2006ல் வெளியான ஆய்வில், பழைய வகைக் கரைசலில் வைத்த பிளேட்லெட்டை ஏற்றியபோது கவுண்ட் ஏறியது பிளாஸ்மாவை விடக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. ரத்தக் கசிவில் பெரிய வித்தியாசம் இல்லை. மக்னீசியம் வகைகள் பின்னால் அந்த இடைவெளியைக் குறைத்தன. எனவே "கரைசல் நல்லதா" என்று ஒற்றை வரியில் கேட்டால் பதில் கிடையாது. கவுண்ட் வேண்டுமா, அரிப்பு இல்லாமல் இருக்க வேண்டுமா, மீதிப் பிளாஸ்மா வேண்டுமா என்று கேட்க வேண்டும். நம் பக்கம் சாதாரணமாகக் கைக்கு வரும் பை இன்னும் மஞ்சள் பிளாஸ்மாவில் மிதப்பதுதான்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பிளேட்லெட் எடுக்க வேண்டுமானால் ரத்தம் எடுத்த ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். அதுவரை அந்த ரத்தம் ஐஸில் உட்காரக்கூடாது, 20 முதல் 24 டிகிரியில் வர வேண்டும். கிராமத்தில் முகாம் போட்டு, ஐஸ் பெட்டியில் அடுக்கி, சாயங்காலம் மெதுவாக வண்டி கிளம்பினால் சிவப்பணு கிடைக்கும், பிளாஸ்மா கிடைக்கும், பிளேட்லெட் போயே போச்சு. நாங்கள் போன வருடம் நடத்திய முகாமில் எந்தப் பெட்டி வந்தது என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை. பேனர் சைஸ் என்ன என்று கேட்டோம்.

இன்னொன்று, தேதி. நடிகர் பிறந்தநாள், தலைவர் பிறந்தநாள் என்றால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கை நீட்டுகிறோம். தப்பே இல்லை, சிவப்பணு 42 நாள் இருக்கும். அன்று பிரிக்கும் பிளேட்லெட்டோ ஆறாம் நாள் குப்பைக்கு. டெங்கு வருவது மழையோடு. தமிழ்நாட்டில் 2012ல் 12 ஆயிரத்துக்கு மேல், 2017ல் 23 ஆயிரத்துக்கு மேல் டெங்கு பதிவானது. அந்த மாதங்களில் வாரத்துக்குப் பத்துப் பேர் என்று முறை வைத்துப் போனால், பிறந்தநாள் கூட்டத்தை விட அதிகப் பிளேட்லெட் கைக்கு வரும். வரவு ஒரு நாளில், செலவு வருடம் முழுக்க, கெடு 5 நாள். எந்த மளிகைக் கடைக்காரரும் இப்படிக் கொள்முதல் செய்ய மாட்டார்.

அதே சமயம் எங்கள் பதற்றத்தையும் சொல்லியாக வேண்டும். 2017ல் சிங்கப்பூர், மலேசியா மருத்துவர்கள் லான்செட் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். டெங்குவில் கவுண்ட் 20 ஆயிரமோ அதற்குக் குறைவாகவோ இறங்கி, ஆனால் ரத்தக் கசிவு இல்லாத பெரியவர்களுக்கு, முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றியதால் கசிவு குறையவில்லை, பக்க விளைவுகள்தான் கூடின. ஏற்றுவதா வேண்டாமா என்பது பக்கத்தில் இருந்து பார்க்கும் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது, நானோ நீங்களோ அல்ல. ஆனால் கவுண்ட் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு "ஏத்துங்க டாக்டர், ஏத்துங்க" என்று சண்டை போடும் சொந்தக்காரர்களுக்கு (எங்களையும் சேர்த்துத்தான்) இந்த ஆய்வு தெரிந்திருந்தால் சில பைகளாவது கீமோதெரபியில் இருப்பவர்களுக்கு மிஞ்சும்.

கடைசியாக ஒரு திருப்பம். விரட்டிவிட்ட குளிர்ப்பெட்டி திரும்பி வந்திருக்கிறது. குளிரில் வைத்த பிளேட்லெட் அதிக நாள் ஓடாதே தவிர, அந்தக் கொஞ்ச நேரத்தில் ஓட்டையை அடைப்பதில் கெட்டிக்காரன் என்பது 1970களிலேயே தெரியும். விபத்தில் ரத்தம் கொட்டுகிறவருக்கு அது அடுத்த வாரமும் ஓட வேண்டிய அவசியம் இல்லை, இப்போது அடைத்தால் போதும். 2023ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, வழக்கமான பிளேட்லெட் கிடைக்காத இடங்களில், ரத்தக் கசிவு நடந்துகொண்டிருப்பவர்களுக்கு, 1 முதல் 6 டிகிரியில் 14 நாள் வரை வைத்த பிளேட்லெட்டைப் பயன்படுத்த வழி செய்தது. குளிர்ப்பெட்டியில் கிருமியும் வளராது, ஆட்டவும் வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வரும் சின்ன ஊர்களுக்கு இந்தச் செய்தி சும்மா அமெரிக்கச் செய்தி இல்லை.

மறுநாள் மதியம் திரும்பப் போனோம். அதே அண்ணன். ஆடும் தட்டுகளில் ஏழெட்டுப் பைகள் இருந்தன. ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, விரலால் லேசாக ஆட்டிக் காட்டினார். உள்ளே பட்டுத் துணி அசைவது போல ஒரு மினுமினுப்பு சுழன்றது. "இது தெரிஞ்சா உயிரோட இருக்குன்னு அர்த்தம். தட்டையா இருந்தாத்தான் இப்படி மின்னும். உருண்டையாயிட்டா வெறும் கலங்கல் தண்ணி மாதிரி இருக்கும்" என்றார். குரோமியம் ஒட்டி எண்ணியதை எல்லாம் ஒரு டியூப்லைட் வெளிச்சத்தில் காட்டிவிட்டார் மனிதர்.

அதற்குள் நண்பனுக்குப் போன். மாமாவுக்குக் காலையில் எடுத்த கவுண்ட் 31 ஆயிரம், தானாகவே ஏறுகிறது, இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணனிடம் சொன்னோம். ரிஜிஸ்டரில் எங்களுக்காக எழுதி வைத்திருந்த நாலு நம்பரையும் அடித்தார். பைகளைத் திரும்பத் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். தேதி போட்ட லேபிளைப் பார்த்தேன், இன்னும் நாலு நாள் இருந்தது.